கடல் கடந்த குதிரைக்கு ஏன் அரிக்கிறது?

ஐஸ்லாந்தில் ஒரு கடுமையான சட்டம் உண்டு. அந்த நாட்டை விட்டு வெளியேறிய குதிரை மீண்டும் அங்கே கால் வைக்க முடியாது. வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்குச் சென்று வென்ற குதிரையானாலும் திரும்பி வர அனுமதி இல்லை. வெளிநாட்டு நோய்கள் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதே காரணம். ஆயினும், பல நூற்றாண்டுகளாகத் தனித்து வளர்ந்த அந்தக் குட்டையான, பிடரிமயிர் அடர்ந்த குதிரைகளுக்கு வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஜெர்மனி, சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளுக்கு விமானம் ஏறுகின்றன.

புதிய நாட்டில் முதல் கோடைக்காலம் பெரும்பாலும் நன்றாகவே கழியும். இரண்டாவது கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோதான் தொல்லை தொடங்கும். குதிரை தன் பிடரியையும் வாலின் அடிப்பகுதியையும் வேலியில், மரத்தில், சுவரில் என்று கண்ட இடத்திலெல்லாம் தேய்க்கும். மயிர் உதிரும். தோல் தடித்து, வெடித்து, இரத்தம் கசியும். புண்ணில் கிருமிகள் புகும். குளிர்காலத்தில் ஆறிவிடும், வெயில் திரும்பியதும் அதுவும் திரும்பிவிடும். ஐரோப்பாவில் சிலர் இதைக் ‘கோடைப் படை’ என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் ‘குயின்ஸ்லாந்து அரிப்பு’.

2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, ஏற்றுமதியான 330 ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பரிசோதித்தது. அவற்றில் மூன்றில் ஒன்றுக்கு இந்தச் சொறி இருந்தது. வெளிநாடு போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேலானவற்றில் ஏறக்குறைய பாதிக் குதிரைகளுக்கு வந்திருந்தது. அதே இனக் குதிரை, ஜெர்மனியிலோ சுவீடனிலோ பிறந்திருந்தால்? அவற்றுக்கு இது வருவது மிகவும் குறைவு. இனம் ஒன்று, இரத்தம் ஒன்று, மேயும் புல்லும் ஒன்று. பிறந்த இடம் மட்டும்தான் வேறு.

காரணம் ஒரு பூச்சி. கியூலிகாய்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். மலாய் மொழியில் ‘அகாஸ்’ என்று சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சதுப்பு நிலத்தருகே மாலையில் நின்றவர்களுக்கு அதன் கடி எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும். கொசுவைப் போலவே இதிலும் பெண்பூச்சி மட்டுமே இரத்தம் குடிக்கும். ஐஸ்லாந்தில் இந்தப் பூச்சி இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அண்மை ஆண்டுகளில்தான் ஓர் இனம் அங்கே தலைகாட்டியது.

பூச்சி கடிக்கும்போது அதன் எச்சிலில் உள்ள புரதங்கள் குதிரையின் தோலுக்குள் இறங்குகின்றன. அவற்றால் உண்மையில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் குதிரையின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரி என்று முடிவுகட்டி, ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் தோலில் உள்ள மாஸ்ட் உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே எச்சில் வந்ததும், அந்த உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டும். அரிப்பு, வீக்கம் எல்லாம் அதன் விளைவுதான். தயாரிப்புக்கு ஒரு பருவம் தேவைப்படுவதால்தான் முதல் கோடை அமைதியாகக் கழிகிறது. இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் நண்பர் உங்கள் வகுப்பில் இருந்தால், அவருக்கும் இந்தக் குதிரைக்கும் நடப்பது அடிப்படையில் ஒன்றுதான்.

சரி, ஜெர்மனியில் பிறந்த குதிரை மட்டும் எப்படித் தப்புகிறது? அது குட்டியாக இருக்கும்போதே பூச்சி கடித்துவிடுகிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்ளும் வயது அது. ஐஸ்லாந்துக் குதிரை அந்தப் பாடத்தைப் படிக்காமலே வளர்ந்துவிடுகிறது. மிக இளம் வயதிலேயே அனுப்பப்பட்ட குட்டிகளுக்கு இந்தச் சொறி குறைவாகவே வருகிறது என்பதும் இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது.

சொறி வந்துவிட்டால் என்ன செய்வது? முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. பூச்சியை அண்டவிடாமல் தடுப்பதே முதல் வேலை. இது விடியலிலும் மாலை மங்கும் நேரத்திலும் அதிகமாகக் கடிக்கும். ஆகவே அந்த நேரங்களில் குதிரையைக் கொட்டகைக்குள் வைப்பார்கள். சாதாரணக் கொசுவலை போதாது. அதன் கண்களில் இந்தப் பூச்சி எளிதாக நுழைந்துவிடும். மிக நெருக்கமான வலை வேண்டும். ஆனால் பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு: காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லை. கொட்டகையில் ஒரு பெரிய மின்விசிறி சுழன்றாலே பாதி வேலை முடிந்தது. ஈரச்சேறும் சாணமும் அது முட்டையிடும் இடங்கள் என்பதால், மேய்ச்சலுக்குக் காற்றோட்டமான மேட்டுநிலமே நல்லது. கழுத்து முதல் வயிறு வரை மூடும் மெல்லிய போர்வையும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நன்றாகவே உதவுகிறது.

பெர்மெத்ரின் கலந்த பூச்சிவிரட்டியையும் தடவுவார்கள். குதிரைக்கு அது ஒத்துக்கொண்டாலும் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. அரிப்பு மிகும்போது கால்நடை மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கலாம். அதிலும் கவனம் தேவை. சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் வலிமிகுந்த அழற்சியை அது தூண்டிவிடக்கூடும். நாம் சளிக்கும் தடிப்புக்கும் விழுங்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் குதிரைகளிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை.

தடுப்பூசி முயற்சிகளும் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒன்றில், வெள்ளரிக்காய்ச் செடியைத் தாக்கும் வைரஸின் வெற்றுக்கூடு பயன்படுகிறது. அலர்ஜியைத் தூண்டிவிடும் ‘இன்டர்லூக்கின்-5’ என்னும் புரதத்தை அந்தக் கூட்டில் ஒட்டி ஊசி போட்டால், குதிரையின் உடலே அந்தப் புரதத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறது. 2018இல் வெளியான முடிவுகளில், ஊசி போட்ட குதிரைகளின் புண்கள் கணிசமாகக் குறைந்திருந்தன.

ஐஸ்லாந்து ஆய்வாளர்களும் பெர்ன் பல்கலைக்கழகமும் தேர்ந்தெடுத்த வழி வேறு. சொறி வந்த பிறகு போராடுவதை விட, குதிரை விமானம் ஏறும் முன்பே, பூச்சி எச்சிலில் உள்ள புரதங்களைத் தடுப்பூசியாகக் கொடுத்துப் பழக்கிவிடுவது அவர்களின் திட்டம். அதாவது, குட்டிப் பருவத்தில் விட்டுப்போன பாடத்தை வளர்ந்த பிறகு நடத்துவது. அப்படி ஊசி போடப்பட்ட குதிரைகள் ஐஸ்லாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, ஒவ்வொரு கோடையிலும் கண்காணிக்கப்பட்டன. சோதனைக்காகத்தான் போனவை என்றாலும் சட்டம் சட்டம்தான். அவையும் ஐஸ்லாந்துக்குத் திரும்ப முடியாது.