எஞ்சின் நின்றாலும் விமானம் விழுந்துவிடாது

நடுவானில் எஞ்சின் நின்றுபோனால் விமானம் கல்லாய்க் கீழே விழும் என்றே பலரும் பயப்படுகிறோம். அது உண்மையல்ல என்பதற்குக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய ஒரு விமானமே சான்று.

1982 ஜூன் 24 இரவு, 263 பேருடன் பெர்த் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747. ஜாவா அருகே 37,000 அடி உயரத்தில், விமானி அறையின் முன்கண்ணாடி மீது மின்பொறிகள் ஓடின. பயணிகள் பகுதியில் புகை சூழ்ந்து கந்தக நெடி அடித்தது. சற்று நேரத்தில் நான்கு எஞ்சின்களும் ஒவ்வொன்றாக அணைந்தன.

மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல்தான் காரணம். வானிலை ராடார் மேகத்தின் ஈரத்தைக் காட்டும். உலர்ந்த சாம்பலைக் காட்டாது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. பாறையும் கண்ணாடியும் நொறுங்கிய தூள். அது எஞ்சினுக்குள் உருகி ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தைக் கெடுத்தது.

எஞ்சின் விமானத்தை முன்னே தள்ளுகிறது. தாங்கிப் பிடிப்பவை இறக்கைகள். எஞ்சின் நின்றாலும், மூக்கைச் சற்றே தாழ்த்தி வேகத்தைக் காத்தால் விமானம் சறுக்கிக்கொண்டே போகும். 747 ரகம் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 கிலோமீட்டர் முன்னேறும். பினாங்கின் தண்ணீர்மலைக்கு மேலே அதே 37,000 அடி உயரத்தில் எஞ்சின்கள் நின்றாலும், காற்று எதிர்க்காவிட்டால் ஈப்போவையும் தாண்டிவிடலாம்.

அந்த அவகாசத்தில் கேப்டன் எரிக் மூடியும் குழுவினரும் எஞ்சின்களை மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்த்தார்கள். அணைந்த எஞ்சின்கள் குளிர்ந்ததால் ஒட்டியிருந்த படிவு இறுகி உதிர்ந்தது. சாம்பலுக்குக் கீழே நல்ல காற்றும் கிடைத்தது. சுமார் 13,500 அடியில் ஓர் எஞ்சின் உயிர்பெற்றது; மற்றவையும் தொடர்ந்தன. ஒன்று மறுபடி மக்கர் செய்ய, அதை நிறுத்திவிட்டு மூன்றோடு ஜகார்த்தாவின் ஹலிம் நிலையத்தில் இறங்கினார்கள். சாம்பல் தேய்த்து மங்கிய முன்கண்ணாடியின் ஓரத்தில் மிஞ்சிய தெளிந்த கீற்றின் வழியேதான் ஓடுபாதையைப் பார்க்க முடிந்தது. 263 பேரும் உயிர் தப்பினர்.

இன்று உலகெங்கும் ஒன்பது மையங்கள் எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்கின்றன. இந்தோனேசிய வான்வெளி டார்வின் மையத்தின் பொறுப்பு. பினாங்கிலிருந்து மேடானுக்கோ பாலிக்கோ போகும் உங்கள் விமானம் சாம்பலால் ரத்தானால், முகப்பு ஊழியரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். அந்த ரத்து உங்கள் பாதுகாப்புக்குத்தான்.