முயல் வளர்ப்போர் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய அவசர மருந்துப் பெட்டி

பதுளை, பசறை, வெலிமடை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் பாடுபடும் கமக்காரர் சிலரும், தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்வோர் சிலரும், வீட்டுப் புறத்தே இரண்டொரு கூடுகளை அமைத்து முயல் வளர்த்து வருகின்றனர். வரம்பில் அறுக்கும் புல்லும், சிறிது இடமும், நாள்தோறும் சிறிது கவனமும் இருந்தாற் போதும். பெண் முயல் ஏறக்குறைய 31 நாட் சினையில் குட்டி ஈன்று, குடும்பத்துக்கு இறைச்சியும், கைச்செலவுக்குப் பணமும், மரக்கறிப் பாத்திக்கு நல்ல எருவும் தரும்.

ஆயினும் முயல் தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் மற்றைய விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், தன் பலவீனத்தை அது வெளியே காட்டுவதில்லை. காலையில் கூட்டின் மூலையில் ஒடுங்கியிருந்த முயல் மாலையில் இறந்து கிடந்தது என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அது காலையிலேயே கடும் நோயுற்றிருந்தது. நாம் அறியவில்லை என்பதே உண்மை. ஆதலால் முயல் வளர்ப்போர் ஒவ்வொருவரும் சிறியதோர் அவசரப் பெட்டியை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

பெட்டி ஏன் வேண்டும்?

மாடு நோயுற்றால் அயலார் நால்வர் கூடி வழி சொல்வர். முயல் நோயுற்றால் வழி சொல்வார் அரியர். அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் பெரும்பாலும் நகரத்திலோ சந்தியிலோ இருக்கும்; தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து அங்கு செல்ல அரை நாள் கழிந்துவிடும். இரவிலோ, போயா தினத்திலோ நோய் கண்டால் மறுநாட் காலைவரை காத்திருக்க நேரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் ஊவாவின் மலைப் பாதைகள் மண்சரிந்து அடைபடுவதும் புதிதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டு பல உயிர்கள் மாண்டதை நம்மில் எவரும் மறக்கவில்லை. அத்தகைய மழைநாளில் மனித உயிரைக் காப்பதே முதற் கடமை. முயலுக்காக எவரும் சரிவான பாதையில் இறங்கலாகாது. வேண்டியது வீட்டிலேயே இருப்பின் அந்த அவசியமும் எழாது.

ஆனால், ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்க. இப்பெட்டி மிருக வைத்தியருக்குப் பதிலாகாது. வைத்தியர் பார்வையிடும்வரை உயிரைத் தாங்கி நிறுத்துவதே அதன் வேலை. ஆகையால் பெட்டியில் மருந்து குறைவாகவும், கருவிகள் மிகுதியாகவும் இருக்கும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

மூடியுள்ள பிஸ்கற் தகரப் பெட்டி ஒன்று போதுமானது. அதனுள் பின்வருவனவற்றை வைத்துக்கொள்க.

1. இலக்க வெப்பமானி ஒன்றும், சிறிது வாசலினும். கண்ணாடி வெப்பமானி உடையக்கூடியது.
2. ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுகள், 1 மில்லிலீற்றர் ஒன்றும் 5 மில்லிலீற்றர் இரண்டும்.
3. ஜீவனிப் பொதிகள் இரண்டு.
4. உப்பு, சிறு போத்தலில்.
5. போவிடோன் அயடின் கரைசல்.
6. பஞ்சு, சுத்தமான கட்டுத்துணி, ஒட்டும் நாடா.
7. முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள்வாங்கி, நகம் வெட்டி.
8. சோளமா, ஒரு சிறு டப்பியில்.
9. தேங்காயெண்ணெய், ஒரு சிறு போத்தலில்.
10. தடித்த துவாய் ஒன்றும், மூடியுள்ள வெறும் போத்தல் ஒன்றும்.
11. சிறு தராசு. பெட்டிக்குள் அடங்காவிடினும் அருகில் இருத்தல் வேண்டும்.
12. குறிப்புப் புத்தகமும் பென்சிலும். அதன் முதற் பக்கத்தில் உங்கள் பிரதேச மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க.

இவற்றுட் பெரும்பாலானவை ஊர்க் கடையிலும் மருந்தகத்திலும் கிடைப்பன. சில முன்னரே உங்கள் வீட்டில் இருக்கும்.

முயல் தீவனம் உண்ணாவிடின்

முயலுக்கு வரும் அவசரங்களுள் இதுவே முதன்மையானது. முயலின் குடல் இடையறாது இயங்க வேண்டும்; நின்றுவிட்டால் உள்ளே வாயு கட்டி உயிர் போய்விடும். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. ஆதலால் ஒரு முயல் அரை நாள் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருப்பின், அதை அவசரமெனக் கருதுக. மறுநாள் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது.

முதலில் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்க்க. வயிறு மேளம்போல் விறைத்திருந்தால் வாயில் எதனையும் ஊட்டலாகாது. உடனே வைத்தியரை நாடுக. வயிறு மென்மையாயிருந்தால், ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக விடுக. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நீர் நுரையீரலுட் புகும். உலர்ந்த புல்லை முன்னே வைத்து, வயிற்றை மெதுவாக நீவிவிடுக. உண்ணத் தொடங்கினாலும், மறுநாள் வைத்தியரிடம் காட்டுதல் நலம். உண்ணாமைக்கு வளர்ந்த பற்களோ வேறு நோவோ காரணமாயிருக்கலாம்.

முயல் இரவில் இடும் மென்மையான மலத்தைத் தானே உண்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஃது அதன் இயல்பு.

உடல் வெப்பம்

நலமுள்ள முயலின் வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கும். வெப்பமானியின் முனையில் வாசலின் தடவி, மலவாயினுள் மெதுவாகச் செலுத்திப் பார்க்க. 38 பாகைக்குக் கீழ் இறங்கின் பேராபத்து. வெந்நீரைப் போத்தலில் நிரப்பித் துவாயிற் சுற்றி அருகில் வைத்துச் சூடேற்றுக. வெலிமடை, அப்புத்தளைப் பக்கத்துக் குளிரிரவுகளில் கூட்டை விட்டு வெளியே விழுந்த குட்டிகளுக்கும் இதுவே உதவும். குளிர்ந்த குட்டிக்குப் பாலூட்ட முயலாது, முதலிற் சூடேற்றிப் பின்னர் தாயின் கூட்டிலே சேர்க்க.

முயலுக்குக் குளிரினும் வெயிலே கொடியது. பதுளைத் தாழ்நிலத்தில் உலர்ந்த மாதங்களின் நண்பகலில் தகரக் கூரையின் கீழ் உள்ள முயல் வாய் திறந்து மூச்சு வாங்குமாயின், நிழலுக்கு மாற்றி, காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைக்க. ஐஸ் நீரில் அமிழ்த்துதல் கூடாது.

காயமும் இரத்தமும்

நகம் வெட்டுகையில் இரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துக. கீறல் காயத்தை, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுக. பின்னர் போவிடோன் அயடினை வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை நீர் கலந்து தடவுக. காயத்தில் புழு வைத்திருந்தால், முள்வாங்கியால் கண்டவற்றை எடுத்து, அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்க.

நாய் கடித்த முயலை வெறுங்கையால் தொடலாகாது. விசர்நோய் நம் நாட்டில் இன்னும் உண்டு. அந்த நாயோ, முயலோ உங்களைக் கடித்திருந்தாலும் கீறியிருந்தாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

முயலைக் காதிற் பிடித்துத் தூக்குதல் பெருந் தவறு. ஒரு கை மார்பின் கீழும் மற்றது பின்புறத்தைத் தாங்கியும் இருக்க வேண்டும். தாங்காவிடின் அது பின்கால்களை உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். துவாயில் சுற்றிப் பிடித்தால் இவ்வாபத்து இல்லை.

குட்டிகளின் கழிச்சல்

பால் மறந்த குட்டிகள் மெலிந்து, வயிறு ஊதி, கழிந்து இறக்குமாயின் அது பெரும்பாலும் கொக்சிடியா நோயாகும். நோயுற்றவற்றை வேறாக்கி, ஈரமான இலைகளை நிறுத்தி, உலர்ந்த புல்லும் ஜீவனியும் கொடுக்க. புழுக்கையைச் சுத்தமான போத்தலில் இட்டு வைத்தியரிடம் காட்டினால் நோயை உறுதிசெய்து மருந்தும் அளவும் தருவார். நோய்க் கிருமியின் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, ஈரத்தில் சில நாட்களிலேயே தொற்றும் தன்மை பெறும். சாதாரண கிருமிநாசினிகளுக்கு அவை அஞ்சா. ஆகையால் கூட்டை நாள்தோறும் துப்புரவாக்கி, கொதிநீர் ஊற்றிக் காயவிடுதலே சிறந்த காப்பு.

காதுச் சொறி

காதினுள் தடித்த பழுப்புப் பொருக்குக் கண்டால் அது உண்ணிப்பூச்சியின் வேலை. பொருக்கைப் பிடுங்கலாகாது, மிகுந்த நோவு உண்டாகும். தேங்காயெண்ணெய் சில துளி விட்டால் அது மென்மையாகும். ஐவர்மெக்டின் மருந்தே இதனைத் தீர்ப்பது. ஆனால் மாட்டுக்கென விற்கும் ஊசிமருந்தின் 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து அடங்கியுள்ளது. 2 கிலோகிராம் நிறையுள்ள முயலுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு துளியே. கண்மதிப்பாகக் கொடுத்தால் அளவு பன்மடங்காகும். தராசு பெட்டியருகே வேண்டுமென்றது இதனாலேயே. நிறையைக் குறித்துக்கொண்டு வைத்தியரின் கையாலேயே கொடுப்பிக்க.

பெட்டியில் இருக்கக் கூடாதவை

வெலிமடைப் பக்கத்தில் மரக்கறி பயிரிடும் கமக்காரர் ஒருவர், தடிமன் கொண்ட தாய் முயலுக்குத் தம் பிள்ளைக்குக் கொடுத்து மீந்திருந்த அமொக்சிசிலின் பாணியை அன்புடன் புகட்டினார். தடிமன் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றிற்று. சில நாட்களில் கழிச்சல் கண்டு முயல் இறந்தது; பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர் வருந்தினார். மருந்தே அதனைக் கொன்றது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது எமக்கும் எளிதாயிருக்கவில்லை.

முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களே அதன் தீவனத்தைச் செரிக்கச் செய்கின்றன. பெனிசிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் அந்நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் தீய நுண்ணுயிர்கள் பெருகும். மனிதனுக்கு உயிர் தரும் மருந்து முயலுக்கு உயிர் கொல்லியாதல் இவ்வாறே. ஆகையால் வீட்டில் மீந்த எந்த மருந்தையும் இப்பெட்டியில் இடாதீர்கள்.

நாய்க்குத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. மண்ணெண்ணெய், கழிவெண்ணெய் ஆகியவற்றைச் சொறிக்குப் பூசும் வழக்கத்தையும் விடுக. முயல் தன் உடலை நக்கித் துப்புரவாக்கும் பிராணி. தோலில் பூசியது யாவும் வயிற்றுக்குட் செல்லும். கிருமிநாசினி தெளித்த கோவா, லீக்ஸ் இலைகளையும், உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலைகளையும் தீவனமாக இடாதிருந்தால் பல அவசரங்கள் எழவே மாட்டா.

பெட்டியைப் பேணும் முறை

பெட்டியை அடுப்புப் புகையும் ஈரமும் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைக்க. பயிர் மருந்துகளுடன் ஒரே இடத்தில் வைக்கலாகாது. மாதந்தோறும் போயா தினத்தன்று திறந்து, காலாவதித் திகதிகளைப் பார்த்து, குறைந்தவற்றை நிரப்புக. கரைத்த ஜீவனியை ஒரு நாளுக்குமேல் வைத்திராது கொட்டிவிடுக. வைத்தியர் தந்த மருந்துகளின் மேல் எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை எழுதி ஒட்டுக. வீட்டிலுள்ளோர் யாவரும் பெட்டி இருக்குமிடத்தை அறிந்திருத்தல் வேண்டும்; நீங்கள் வயலிலோ மலையிலோ இருக்கும்போதே அவசரம் வரக்கூடும்.

இத்தனையிலும் சிறந்த மருந்து எக்கடையிலும் விற்பதன்று. காலை மாலை இருவேளையும் கூட்டின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நேற்றிட்ட புல் தீர்ந்ததா, புழுக்கை இயல்பான அளவில் உள்ளதா, காதும் மூக்கும் தூய்மையாயுள்ளனவா என்று நோக்குங்கள். நாற்றில் முதல் மஞ்சளைக் கண்டவுடன் நோயென்று அறியும் கமக்காரருக்கு இது கடினமன்று. காலையில் கண்ட நோய்க்குப் பெட்டி உதவும்; மாலைவரை காணாத நோய்க்கு எப்பெட்டியும் உதவாது.

மேலதிக ஆலோசனைகளுக்கு உங்கள் பிரதேச அரசாங்க மிருக வைத்தியரையோ, விவசாயப் போதனாசிரியரையோ நாடுக.