ஒரே கணக்கு, இரண்டு பிறவி

மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் கார்டை எடுத்துப் பார்த்தால் வலது மேல் மூலையில் சின்னச் சின்ன வட்டக் குறிகள் தெரியும். அதுதான் அந்தக் கார்டை ஆடக் கொடுக்க வேண்டிய விலை: வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்களில் மானா என்னும் மந்திர சக்தி. விலையைக் கொடுத்தபின் அந்தக் குறிகளை யாரும் சட்டை செய்வதில்லை. அவற்றையே எண்ணிப் பலன் கொடுத்தால் என்ன? இந்த யோசனை 2007-இல் ஃபியூச்சர் சைட் தொகுப்பில் ஒரே ஒரு கார்டில் 'குரோமா' என்ற பெயரோடு தலைகாட்டியது. 2008-இல் ஈவன்டைட் தொகுப்பில் பல கார்டுகளில் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது.

அன்றைய கார்டுகளைப் பரப்பி வைத்தால் காரணம் புரியும். பிரைமல்கிரக்ஸ், மேசையில் நம் பக்கம் இருக்கும் பச்சைக் குறிகளை எண்ணும். அம்ப்ரா ஸ்டாக்கர், கழித்த கார்டுகள் கிடக்கும் கல்லறையில் கறுப்பை எண்ணும். சானிட்டி கிரைண்டிங், கட்டின் மேலிருந்து பத்துக் கார்டுகளைத் திறந்து நீலத்தை எண்ணும். ஃபயரி பொம்பார்ட்மென்ட், பலி கொடுத்த உயிரின் விலையில் சிவப்பை எண்ணும். கணக்கு ஒன்று, எண்ணும் இடம் மட்டும் கார்டுக்குக் கார்டு வேறு. ஒன்றை நம்பிக் கட்டு அடுக்கினால் இன்னொன்று அதற்கு உதவாது. போதாக்குறைக்கு, குரோமா வெறும் மேற்பெயர்தான். விதிப்புத்தகத்தில் அதற்குத் தனிப் பொருள் இல்லாததால் ஒவ்வொரு கார்டும் முழுக் கணக்கையும் நீட்டி எழுத வேண்டியிருந்தது.

ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தது நியாயம்தான். ஆனால் அவர்கள் வெறுத்தது எண்ணுவதையா, எண்ண வைத்த விதத்தையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எத்தனையோ நல்ல யோசனைகளுக்குப் பாடை கட்டியிருக்கிறார்கள்.

2013 செப்டம்பரில் கிரேக்கப் புராணச் சாயலோடு தீரோஸ் தொகுப்பு வந்தது. அதில் அதே கணக்கு 'டிவோஷன்' என்று திரும்பியது. குரோமாவைத் திருத்தியதுதான் இது என்று தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எண்ணும் இடம் ஒன்றே ஒன்று: மேசையில் நிலைத்து நிற்கும் நம் கார்டுகள். கூடவே கதையும் சேர்ந்தது. கடல் தெய்வம் தாஸாவை வெறும் மூன்று மானாவுக்கு இறக்கலாம். ஆனால் நம் நீலக் குறிகள் ஐந்தைத் தொடும்வரை அவள் உருவெடுத்துச் சண்டைக்கு வரமாட்டாள். அவளிடமே ஒரு நீலக் குறி உண்டு. மிச்சம் நான்கை நாம் சேர்க்க வேண்டும். பக்தர் கூடினால்தான் தெய்வம் இறங்கிவரும் என்பதை யாரும் விளக்காமலே விதி உணர்த்திவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

கிரே மெர்ச்சன்ட் என்றொரு சாதாரணக் கார்டு. இறங்கியதும், நம் கறுப்புக் குறிகள் எத்தனையோ அத்தனை உயிர்ப்புள்ளிகளை எதிராளியிடமிருந்து உறிஞ்சி நமக்குத் தரும். அதனிடமே இரண்டு கறுப்புக் குறி. மேசையில் ஏற்கெனவே நான்கு இருந்தால் ஆறு போச்சு. எதிராளி தொடங்கியதே இருபதில்.

அதே ஆண்டு அக்டோபரில் டப்ளினில் நடந்த புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெரெமி டெஸானி, பியேர் டாகன் இருவர் கையிலும் நீல டிவோஷன் கட்டு, வென்றவர் டெஸானி. நைட்வெயில் ஸ்பெக்டர் என்ற, முன்பே வந்த கார்டுக்கும் அப்போதுதான் யோகம் அடித்தது. அதன் மூன்று குறிகளும் நீலமும் கறுப்பும் கலந்தவை என்பதால், இரண்டு நிறக் கட்டுகளும் அதைத் தேடின. 2020-இல் தீரோஸ் உலகத்துக்கு ஆட்டம் திரும்பியபோது டிவோஷனும் கூடவே வந்தது.

தோற்ற யோசனை திருந்தித் திரும்புவது இது மட்டுமல்ல. 1996-இல் மிராஜ் தொகுப்பில் வந்த ஃபேஸிங் என்ற விதியின் கதையும் ஏறக்குறைய இதுவே. கார்டுகள் ஒரு முறை விட்டு ஒரு முறை மறைந்து வந்து ஆட்டக்காரர்களைக் குழப்பின. 2017-இல் டெஃபெரிஸ் புரொடெக்ஷன் என்ற கார்டு அதையே ஆபத்து நேரத்தில் ஒரே ஒரு முறை மறைந்து தப்பும் வழியாக மாற்றியது.

குரோமாவில் இன்னும் தொடப்படாத பங்கு ஒன்று இருக்கிறது: அம்ப்ரா ஸ்டாக்கரின் கல்லறைக் கணக்கு. டிவோஷன் மேசையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டது. கல்லறையை மட்டுமே எண்ணும் கார்டுகளாக ஒரு தொகுப்பு முழுக்க, அதற்கேற்ற கதையோடு, அதையும் ஒருமுறை ஆடிப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.