சிவப்பு அணி ஜெயித்தால் என்ன ஆகும்?

2002 ஜூலைக் கடைசியில் அமெரிக்க ராணுவம் மாபெரும் போர் ஒத்திகை ஒன்றைத் தொடங்கியது. 'மில்லேனியம் சேலஞ்ச் 2002' என்று பெயர். செலவு சுமார் 25 கோடி டாலர். பங்கேற்றவர்கள் ஏறத்தாழ 13,500 பேர். ஒரு பகுதி நிஜக் களத்தில், மறுபகுதி கணினியில். நீல அணி என்பது அமெரிக்கா. சிவப்பு அணி, பாரசீக வளைகுடாவில் உள்ள பெயர் சொல்லப்படாத எதிரி நாடு. ஈராக்கா, ஈரானா என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சிவப்பு அணிக்குத் தலைமை தாங்கியவர் பால் வான் ரைப்பர், மரைன் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்றவர். எதிரி பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும் கருவிகள் நீல அணியிடம் இருந்தன. அவரோ வாயே திறக்கவில்லை. உத்தரவுகள் மோட்டார் சைக்கிளில் போயின. விமானங்கள் ரேடியோவில் ஒரு சொல்கூடப் பேசாமல் விளக்குச் சைகையைப் பார்த்துக் கிளம்பின. சிறு படகுகள் வளைகுடாவில் சுற்றித் திரிந்து, நீல அணிக் கப்பல்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லின. சரணடையச் சொல்லி எச்சரிக்கை வந்ததும், அடி விழட்டும் என்று காத்திராமல் அவரே முந்திக்கொண்டார். முதலில் ஏவுகணை மழை. அதைச் சமாளிக்க முடியாமல் நீல அணி திணறியபோது, மோதி வெடிக்கும் படகுகள். விமானந்தாங்கிக் கப்பல் உட்பட 16 போர்க்கப்பல்கள் கணினித் திரையில் மூழ்கின. நிஜப் போராக இருந்திருந்தால் சுமார் 20,000 பேர் செத்திருப்பார்கள் என்று கணக்கிடப்பட்டது.

ஒத்திகையை நடத்தியவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, மூழ்கிய கப்பல்களை மறுபடி மிதக்க விட்டார்கள். பிறகு சிவப்பு அணிக்குக் கட்டளைகள் வந்தன: ரேடார்களை இயக்கி வை, அப்போதுதான் நீல அணி அவற்றைக் கண்டுபிடித்து அழிக்க முடியும், வீரர்களை இறக்க வரும் விமானங்களைச் சுடாதே. வான் ரைப்பர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். நீல அணி ஜெயித்தது.

நடத்தியவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒத்திகைக்கென ஆயிரக்கணக்கான வீரர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு வகுத்த திட்டம் ஆரம்பத்திலேயே முடிந்துபோனால் அவர்களை என்ன செய்வது? கணினியில் கப்பல்கள் இருந்த இடமும் நிஜத்துக்குப் பொருந்தவில்லை, கரைக்கு மிக அருகில் இருந்தன என்பது அவர்கள் வாதம். ஆகவே ஆட்டத்தைத் தொடர்ந்ததை நான் குறை சொல்லமாட்டேன். முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, 'எங்கள் புதிய போர்முறை சோதனையில் தேறிவிட்டது' என்று சொன்னதுதான் கோளாறு.

சிறு படகு பெரிய கப்பலைச் சாய்க்கும் என்பது அன்றைக்கே பழைய செய்தி. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் கோல் கப்பலில் ஒரு படகு வந்து வெடித்து 17 மாலுமிகள் இறந்திருந்தார்கள். அதற்கும் முன்பிருந்தே கடற்புலிகளின் வெடிபடகுகளோடு இலங்கைக் கடற்படை மோதிக்கொண்டிருந்தது. அவற்றைச் சமாளிக்கப் பின்னாளில் அதுவும் 'ஆரோ' என்ற சிறு படகுகளைக் கட்டிக் கூட்டங்கூட்டமாக இறக்கியது.

தோற்ற ஆட்டத்தைத் திருத்தும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டைக்கு முன், 1942 மே மாதத்தில், ஜப்பானியக் கடற்படை மேசைமீது ஒத்திகை பார்த்தது. அமெரிக்க விமானங்களின் குண்டுகள் ஒன்பது விழுந்ததாக நடுவர் சொன்னார். ஒத்திகையை நடத்திய அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாகக் குறிக்கப்பட்ட காகா என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அடுத்த ஆட்டத்தில் திரும்பி வந்தது. ஜூன் மாதம் நிஜச் சண்டையில் காகாவோடு இன்னும் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலுக்கடியில் போயின.

மேலதிகாரியின் திட்டம் தவறு என்று நிரூபிக்கும் வேலையைக் கீழதிகாரியிடம் கொடுத்தால், ஆட்டத்தைவிட அவருக்குத் தன் பதவி உயர்வுதான் பெரிதாகத் தெரியும். எந்த ராணுவத்திலும் இதுதான் சிக்கல். வான் ரைப்பர் ஓய்வுபெற்றவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

நேர்மையாக ஆடினாலும் எல்லாமே பிடிபட்டுவிடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பசிபிக் கடற்படையை நடத்திய அட்மிரல் நிமிட்ஸ், ஜப்பானுடனான போரில் நடந்தவற்றையெல்லாம் கடற்படைக் கல்லூரியின் விளையாட்டறையில் முன்பே பார்த்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். ஒன்றே ஒன்றைத் தவிர: கமிகாஸி தற்கொலை விமானங்கள்.

இப்படி நழுவிப்போவதைப் பிடிக்க பிரான்ஸ் வெளியாட்களை அழைத்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைச் சேர்க்கும் திட்டத்தை 2019-இல் அறிவித்து, 2020 டிசம்பரில் 'ரெட் டீம்' என்ற குழுவை வெளியுலகுக்குக் காட்டியது. நாவலாசிரியர்களோடு பெல்ஜியச் சித்திரக்கதைக் கலைஞர் பிரான்சுவா ஷூய்ட்டனும் அதில் இருந்தார். 2030 முதல் 2060 வரை பிரான்ஸுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று கற்பனை செய்வது அவர்கள் வேலையாக இருந்தது. முதல் கதைகளில் ஒன்றில், நாடிழந்து கடலிலேயே கொள்ளையர் தேசம் அமைத்தவர்கள் பிரெஞ்சு கயானாவின் கூரூ விண்வெளித் தளத்தைக் குறிவைக்கிறார்கள். இன்னொன்றில், ஆளுக்கொரு டிஜிட்டல் உலகத்துக்குள் மக்கள் அடைந்துகிடக்க, ஆபத்து வந்திருக்கிறது என்பதையே ராணுவத்தால் அவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. சிரிக்கலாம். ஆனால் தளபதி கோபித்துக்கொள்வாரே என்ற கவலை நாவலாசிரியருக்கு இல்லை. எதிரிக்கு யோசனை கொடுத்துவிடக் கூடாது என்று சில கதைகளை ரகசியமாகவும் வைத்திருக்கிறார்கள்.

எஸ்டோனியாவுக்குக் கற்பனை தேவைப்படவில்லை. 2007 ஏப்ரலில், சோவியத் காலத்துப் போர்வீரன் சிலை ஒன்றைத் தலைநகர் தாலினின் மையத்திலிருந்து அகற்றியதையடுத்து, வங்கிகள், நாளிதழ்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. இந்தத் தாக்குதலில் தோட்டாவுக்கு வேலையே இல்லை. அடுத்த ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினில் வந்தது. 2010 முதல் அங்கே நடக்கும் 'லாக்ட் ஷீல்ட்ஸ்' ஒத்திகையில் கற்பனை நாடு ஒன்றின் மின்சாரம், குடிநீர், வங்கி ஆகியவற்றைத் தாக்குவோரிடமிருந்து காக்க வேண்டும். கணினிக்காரர்கள் மட்டும் போதாது. சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லவும் பத்திரிகைகளைச் சமாளிக்கவும் அணியில் ஆள் வேண்டும். எஸ்டோனிய ராணுவத்துக்குத் துணையான தொண்டர் படையிலும் ஓர் இணையப் பிரிவு உண்டு. பகலில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் கணினி நிபுணர்கள் அதில் இருக்கிறார்கள்.

2017-இல் எஸ்டோனியா லக்ஸம்பர்க்குடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி எஸ்டோனிய அரசின் முக்கியப் பதிவேடுகளின் நகல்கள் அங்கே உள்ள தரவு மையம் ஒன்றில் இருக்கின்றன. தூதரகத்துக்கு உள்ள அதே பாதுகாப்பு அந்த இடத்துக்கும் உண்டு. எஸ்டோனியாவின் அனுமதி இல்லாமல் லக்ஸம்பர்க் அதிகாரிகளே உள்ளே நுழைய முடியாது. நாட்டின் மண்ணே கைவிட்டுப் போனாலும், யார் குடிமக்கள், எந்த நிலம் யாருடையது என்ற கணக்கு அரசின் கையில் இருக்கும்.