மின்சாரம் இல்லாத இரவில், மூடிய வீட்டுக்குள் நெருப்பு வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புதுச்சேரியில் வாழும் நாம் அனைவரும் வானிலை அறிக்கையைக் கவலையுடன் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததால் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் நகருக்கு அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகள் நீரில் மூழ்கின. வெள்ளம், அறுந்து கிடக்கும் மின்கம்பி, பாம்பு ஆகியவற்றைக் குறித்து நாம் எச்சரிக்கையாகவே இருக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் ஆபத்தை, நம் வீட்டில் உள்ள நோயாளியின் நலனை எண்ணியே நாமே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

அன்பினால் நேரும் பிழை

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள தந்தைக்கு ஆக்சிஜன் செறிவூட்டி இரவு முழுவதும் இயங்க வேண்டும். மின்சாரம் போய்விட்டது, இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. மகன் எப்படியோ ஒரு சிறிய ஜெனரேட்டரைக் கொண்டுவருகிறார். வெளியே மழை கொட்டுவதால் அதை போர்ட்டிகோவிலோ, மாடிப்படியின் அடியிலோ, பால்கனியிலோ வைக்கிறார். சாரல் அடிக்காதிருக்கச் சன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்டுள்ளன.

இன்னொரு வீட்டில் பிள்ளை பெற்ற மகள் தாய்வீட்டில் இருக்கிறாள். ஈரக்காற்று படக்கூடாது என்று கதவைச் சாத்தி, தணல் நிறைந்த கரிச்சட்டியை அறைக்குள் வைத்துச் சாம்பிராணி போடுகிறார் பாட்டி. அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று அதை அங்கேயே விட்டுவிடுகிறார். மற்றொரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சிறிய எரிவாயு ஹீட்டர் முதியவரின் கட்டிலருகே எரிகிறது.

இம்மூன்று வீட்டாரும் அலட்சியமானவர்கள் அல்லர், அக்கறை மிகுந்தவர்கள். ஆயினும் மூன்று வீடுகளிலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்கிறது.

நிறமும் மணமும் இல்லாத நஞ்சு

பெட்ரோல், டீசல், கரி, விறகு, எரிவாயு ஆகிய எதுவாயினும், போதிய ஆக்சிஜன் இன்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. மூடிய அறையில் நெருப்பு எரிய எரிய அங்குள்ள ஆக்சிஜன் குறைகிறது. அது குறையக் குறைய இவ்வாயு மிகுதியாகிறது. ஜெனரேட்டரின் புகையிலோ தொடக்கத்திலிருந்தே இது ஏராளமாக உண்டு.

சமையல் எரிவாயு கசிந்தால் நமக்கு நாற்றம் தெரிகிறது. காரணம், எச்சரிக்கைக்காகவே அதில் ஒரு நாற்றப் பொருளைச் சேர்த்துள்ளனர். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இருமலையும் உண்டாக்காது. கனன்று சிவந்த, புகையே இல்லாத தணலிலிருந்தும் அது வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே, "புகை இல்லையே, பயமில்லை" என்னும் எண்ணம் தவறானது.

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதனுடன் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் மூளையும் இதயமும் திணறுகின்றன. இதய நோயாளிகள், முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் விரைவில் பாதிக்கப்படுவர். வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தாயைவிட மிகுதியான தீங்கு நேரலாம்.

குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்றவர்களுள் எட்டுப் பேர் தாமன் என்னும் மலைப்பகுதியில் ஒரே அறையில் உறங்கினர். கதவும் சன்னலும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. உள்ளே எரிவாயு ஹீட்டர் எரிந்தது. நான்கு குழந்தைகள் உட்பட எண்மரும் உயிரிழந்தனர். 2024 ஆகஸ்டில் நம் அண்டை மாநிலத்துக் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை விடுதி அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் மறுநாள் எழவில்லை. 2013 டிசம்பரில் கனடாவின் டொரான்டோ நகரைப் பனிமழை தாக்கி நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்தபோது, கரி அடுப்புகளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. குளிர் வேறு, மழை வேறு. மூடிய கதவும் உள்ளே எரியும் நெருப்பும் எங்கும் ஒன்றே.

ஏமாற்றும் அறிகுறிகள், ஏமாற்றும் கருவி

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, கால்கள் துவளுதல், மயக்கம் ஆகியவை இந்நஞ்சின் அறிகுறிகள். காய்ச்சல் இராது. இவற்றை உணவு ஒவ்வாமை என்றோ உறக்கமின்மை என்றோ எண்ணிவிடுவது எளிது. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா 1902 செப்டம்பர் இறுதியில் பாரிஸில் உள்ள தம் வீட்டில் இறந்தது இவ்வாயுவினால்தான். கணப்பின் புகை வெளியேற வழியின்றி அறைக்குள் நஞ்சு சேர்ந்தது. இரவில் உடல்நலம் குன்றி விழித்தபோதும், வயிற்றுக் கோளாறு என்றே அவர் கருதியதாகக் கூறுவர். அவருடைய மனைவி உயிர் பிழைத்தார்.

ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், வெளியே சென்றதும் அது குறைந்தால், முதலில் ஐயுற வேண்டியது கார்பன் மோனாக்சைடையே.

கொரோனா காலத்துக்குப் பின் பல வீடுகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் உள்ளது. விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது; நிம்மதி அடைகிறோம். இந்நஞ்சைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே அக்கருவி கணக்கிட்டுவிடும். நோயாளி உயிருக்குப் போராடும்போதும் எண் இயல்பாகவே இருக்கலாம். மருத்துவமனையில் செய்யப்படும் சிறப்பு இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும்.

அந்நேரத்தில் செய்ய வேண்டியவை

முதலில் அனைவரையும் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். மழையில் நனைந்தாலும் தாழ்வில்லை. செல்லும் வழியில் கதவு சன்னல்களைத் திறந்துவிடலாம். அதற்காக உள்ளே தங்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மயங்கியவரைத் தூக்க மீண்டும் உள்ளே செல்ல நேர்ந்தால், நன்றாகத் திறந்துவிட்ட பின்னரே செல்லுங்கள்.

மருத்துவமனைக்கு வந்தவுடன், "மூடிய வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது", "அறைக்குள் கரி எரிந்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளுக்கு நிகரானது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள இந்நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மறதி, குழப்பம், நடையில் தடுமாற்றம் ஆகியவை சில நாள்களோ வாரங்களோ கழித்துத் தோன்றுவதும் உண்டு.

புயலுக்கு முன் செய்ய வேண்டியவை

ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தொலைவில், மழை படாத மறைப்பின்கீழ் வையுங்கள். போர்ட்டிகோ, பால்கனி, மாடிப்படி ஆகியவை வெளியிடம் ஆகா. அத்தகைய இடம் இல்லாத அடுக்ககங்களில் ஜெனரேட்டரைத் தவிர்ப்பதே நன்று.

வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படுவோர் புயல் அறிவிப்பு வந்த அன்றே சிலிண்டரை நிரப்பி வையுங்கள். சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் கொண்ட பி வகைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். உங்களுக்கு எத்தனை லிட்டர் தேவை என்பதை எங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது போதாது எனத் தோன்றினால் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துகொள்வது குறித்துப் பேசுங்கள். அதற்குத் தயங்க வேண்டாம். ஆக்சிஜன் உள்ள அறையில் விளக்கு, மெழுகுவத்தி, அடுப்பு எதுவும் கூடாது.

நம் ஊர் மார்கழி இரவுகளில் வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. முதியவருக்கு உலர்ந்த ஆடை, கம்பளி, காலுறை, குல்லாய் போதும், ஹீட்டர் தேவையில்லை. பச்சிளங்குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்துவதே சிறந்த கதகதப்பு. தணல் வேண்டாம். எரிவாயு கசியும் நாற்றம் வந்தால் 1906 என்னும் எண்ணை வெளியே சென்று அழையுங்கள்.

முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பழைய தமிழ் வீடுகளில் புகை வானம் நோக்கிப் போய்விடும். இன்றைய அடுக்ககங்களில் சன்னலைச் சாத்தினால் காற்று நுழைய வழியில்லை. வீடு மாறிவிட்டது, பாட்டி கற்றுத்தந்த பக்குவத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். இக்கட்டுரையைப் படித்து முடித்தவுடன், தனியே முதியவர் வாழும் ஒரு வீட்டாரிடமாவது இதைச் சொல்லுங்கள். அடுத்த புயல் அறிவிப்பு வருவதற்குள் சொல்லிவிட்டால், அவ்விரவில் எங்களைத் தேடி வர வேண்டிய தேவை அவர்களுக்கு நேராமலே போகலாம்.