உங்களுக்குத் தெரியுமா? தேசி விதையும் உறைகுளிரும்

● நெல், மிளகாய், கத்தரி விதைகளை நன்றாகக் காயவைத்துக் குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். மா, பலா விதைகளோ காய்ந்தாலே செத்துவிடும். 1973இல் ரொபேட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விதைகளை இப்படி இரண்டாகப் பிரித்தார். தேசி, தோடை விதைகளைப் பலரும் மாங்கொட்டையோடு சேர்த்தே எண்ணினார்கள். அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 1979இல் மம்ஃபோர்ட், கிரௌட் என்ற இருவர் லெமன் விதையின் தோலை உரித்து, காயவைத்து, -196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் அமிழ்த்தி எடுத்தார்கள். முளைத்தது! 1990இல் ரொபேட்சும் கூட்டாளிகளும் கோப்பி விதையை வைத்து இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வகையொன்றை அறிவித்தார்கள். நம் தேசியும் இப்போது அந்த இரண்டுங்கெட்டான் வரிசையில்தான்.

● தேசி விதையை உறையவைப்பதிலுள்ள சிக்கல் தண்ணீரிலும் எண்ணெயிலும் இருக்கிறது. விதையில் ஈரம் கூடினால் உள்ளே பனிக்கட்டி படிந்து கலங்களைக் கிழிக்கும். அளவு மீறிக் காயவைத்தால் அந்த உலர்வே கொல்லும். போதாததற்கு இது எண்ணெய் மிகுந்த விதை. சாதாரண விதை வங்கிகளில் 10 முதல் 25 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் விதைகளை உலர்த்துவார்கள். 2005இல் மலேசிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஏழு தேசியினங்களைச் சோதித்தபோது, 75 முதல் 80 சதவீத ஈரப்பதத்தில் ஆறவிட்ட விதைகளே உறைகுளிரை நன்றாகத் தாங்கின. நோர்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகம் பேர்பெற்றதுதான். ஆனால் அங்குள்ள -18 பாகைக் குளிர் இந்த விதைக்குச் சரிவராது.

● திரவ நைதரசன் தாங்கிக்கு மின்சாரம் தேவையில்லை. தொண்ணூறுகளில் போரினால் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கோடு வருடக்கணக்காக இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு இது இனிக்கும். ஆனால் ஆவியாகும் நைதரசனை இட்டு நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குடாநாட்டுக்கான பாதை பூட்டியிருந்த காலத்தில் அது எங்கிருந்து வந்திருக்கும்?

● ஒரு தேசி விதையை நட்டால் சிலவேளை இரண்டு மூன்று கன்றுகள் வரும். ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் தாயின் இழையத்திலிருந்தே உருவான முளையங்கள், அதாவது தாய்மரத்தின் நகல்கள். எனவே இங்கே விதையை உறையவைப்பது ஏறக்குறைய மரத்தையே உறையவைப்பதுதான். பம்பளிமாசில் இது நடக்காது. அதன் விதையில் ஒரே முளையம், அதுவும் தாயும் தந்தையும் கலந்தது. அப்படிப்பட்டவற்றுக்குக் குருத்து நுனியைத்தான் நாட வேண்டும். அமெரிக்காவின் ரிவர்சைடிலுள்ள தேசியினத் தொகுப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நுனிகளை வெட்டி ஃபோர்ட் கொலின்சில் உறையவைக்கிறார்கள். திரும்ப எடுக்கும்போது அந்த நுனியை ஓர் இளங்கன்றில் ஒட்டுகிறார்கள். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒட்டுக்கட்டுவது எவ்வளவு பொறுமைக்காரர் வேலை!

● இந்தியாவில் மேகாலயாவின் காரோ மலையிலுள்ள நொக்ரெக்கில் காட்டுத் தோடைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட சரணாலயம் உண்டு. இத்தகைய காட்டுத் தேசியினங்கள் சிலவற்றின் முளைய அச்சுகளைப் புதுடில்லியின் தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தார் உறையவைத்து மீட்டிருக்கிறார்கள்.

● உறையவைத்துக் காப்பதில் இந்த அவசரம் ஏன்? புளோரிடாவில் 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் விளைந்தது. 2023-24இல் 2 கோடிக்கும் குறைவு. புயல்களுக்கும் பங்குண்டு, ஆனால் முதற் குற்றவாளி 'பச்சையாதல்' என்னும் பற்றீரியா நோய். அதைப் பரப்பும் சிறு பூச்சி நம் கிணற்றடிக் கறிவேப்பிலையிலும் முட்டையிட்டுப் பெருகும்.

● குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் தேசிக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். அந்த மண்ணிலும் தளராமல் காய்க்கிற பழைய வளவு மரங்கள் இருக்கின்றனவே, கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையத்தார் தேடி வரவேண்டியது அவற்றைத்தான் என்பது என் எண்ணம்.

● வீட்டில் முயல நினைப்பவர்களுக்கு: ஈர விதையை ஐஸ் பெட்டியில் வைத்தால் சாகும். சதை போகக் கழுவி, நிழலில் மேலீரம் மட்டும் ஆறவிட்டு, பொலித்தீன் பையில் கட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மாதம் தாங்கும். பூஞ்சணம் பிடிக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள்.