குறட்டைக்கு நடுவே வரும் மௌனம்

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால் "நல்ல நித்திரை" என்று சொல்வது எங்கள் வழக்கம். பல வேளைகளில் அது உண்மைக்கு மாறானது. குறட்டை என்பது ஒடுங்கிய தொண்டை வழியாகக் காற்று சிரமப்பட்டுப் போய்வரும் ஓசை. அந்த வழி இடையிடையே முற்றாக அடைபட்டு மூச்சு நின்றுபோனால் அது ஒரு நோய். வைத்தியர்கள் அதை 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். உடையார்கட்டில் வசிக்கும் என் அம்மாவுக்கு இந்நோய் கடுமையான நிலையில் இருப்பது கண்டறியப்பட்டது. இப்போது சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார். அந்த அனுபவத்தில் அறிந்தவற்றை மாணவியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என நம்புகிறேன்.

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சுவழியை மூடிவிடும். நெஞ்சு எழுந்து தாழும். காற்று மட்டும் உள்ளே போகாது. குருதியில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு விழிக்கும். ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். விழிப்பு சில வினாடிகளே நீடிப்பதால், காலையில் அது அவருக்கு நினைவிருக்காது. இரவு முழுவதும் இதுவே நடந்தால், எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் உறங்கிய பலன் கிடையாது.

அம்மா காலையில் தலையிடியோடு எழும்புவார். வாய் வறண்டிருக்கும். சிறுநீர் கழிக்க இரவில் மூன்று நான்கு தரம் எழும்புவார். பின்னேரத்தில் அரிசி அரித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். இரண்டு வகை மாத்திரை எடுத்தும் குருதி அமுக்கம் இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள்: வயது, வேலை, யோசனை. கிளினிக்கில் "குறட்டை உண்டா?" என்று கேட்டபோது அம்மா இல்லை என்றார். பெண் குறட்டை விடுவதை வெட்கமாகக் கருதும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதைவிட, தன் உறக்கத்தில் நடப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தவள் அருகில் பாயில் படுத்த என் தங்கை. குறட்டை திடீரென நிற்கும். அவள் எண்ணத் தொடங்குவாள். இருபது, முப்பது வரை போகும். பிறகுதான் செருமல் கேட்கும். ஓர் இரவு அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து வைத்தியருக்குக் கேட்கச் செய்தாள். அவர் உடனே உறக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

பரந்தன் சந்திக்கு வந்து, பஸ் ஏறிக் கொழும்பு போய், ஓர் இரவு அங்கே தங்கினோம். தலை, நெஞ்சு, விரல், மூக்கு எங்கும் மெல்லிய வயர்களைப் பொருத்தி அம்மாவை உறங்க விட்டார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. மூச்சு பத்து வினாடியோ அதற்கு மேலோ நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் கணக்கெடுப்பார்கள். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவென்றால் வழமையான நிலை. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. அம்மாவுக்கு 42. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை.

சிகிச்சை பெறாவிட்டால் உயர் குருதி அமுக்கம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடும். வாகனம் ஓட்டுபவர் ஓட்டும்போதே கண்ணயர்ந்து விடலாம். 2022 பெப்ரவரி 15ஆம் திகதி இரவு மும்பாயில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, வைத்தியர்கள் காரணமாகச் சொன்னது இந்நோயையே.

முன்பு கடுமையான நோயாளருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே வழியாக இருந்தது. 1980இல் சிட்னியில் வைத்தியர் கொலின் சலிவன் வேறொரு வழியைக் கண்டார். மூக்கின் மேல் ஒரு முகமூடி; அதனூடாக மெல்லிய அழுத்தத்தில் ஓயாத காற்று. 1981இல் 'த லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியானது. 'சீபாப்' எனப்படும் அந்த மெஷின்தான் இன்று அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. அது தருவது ஒட்சிசன் அல்ல, அறையிலுள்ள சாதாரணக் காற்றே. வயலுக்கு நீர் இறைக்கும் தட்டைக் குழாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாதபோது சப்பையாகக் கிடக்கும். பம்பை இயக்கியதும் உருண்டு திரளும். காற்றழுத்தம் தொண்டைக்குச் செய்வதும் அதுவே.

முதல் வாரம் சிரமம்தான். முகமூடி இறுகியது, மூக்கு வறண்டது. பகலில் அரை மணித்தியாலம் அணிந்து பழகி, நீராவிப் பகுதியையும் பொருத்திய பிறகு இலகுவாயிற்று. எங்கள் பக்கத்துப் புழுதிக்குக் காற்று வடியை அடிக்கடி பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் மெஷினும் நிற்கும்; முகமூடியில் துவாரம் இருப்பதால் மூச்சு முட்டாது. இப்போது மணித்தியாலத்துக்கு 5க்கும் குறைவு. தலையிடி போய்விட்டது. குருதி அமுக்கமும் கட்டுப்பட்டிருக்கிறது. மெஷின் நோயை வேரோடு தீர்ப்பதில்லை. ஒவ்வோர் இரவும் அணிய வேண்டும். விலையும் அதிகம். இலேசான நிலையில் உடல் எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். நித்திரை மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்வது தொண்டையை மேலும் தளர்த்தக்கூடும்.

இந்நோய் பருத்தவருக்கு மட்டும் உரியதல்ல. சிறிய தாடை உள்ளவருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுகிறது. பெண்களிடம் இது களைப்பு, தலையிடி, நித்திரைக் குறைவு என்று வேறு பெயர்களில் மறைந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு டொன்சில், அடினொயிட் வீக்கத்தால் வரலாம். அப்பிள்ளை வாயால் மூச்சு விடும், படிப்பில் கவனம் சிதறும்.

ஆகவே மாணவியரே, உங்கள் உம்மாவோ வாப்பாவோ, அம்மாவோ அப்பாவோ பலத்த குறட்டை விடுபவராயின், கேலி செய்யாமல் ஓர் இரவு காது கொடுத்துக் கேளுங்கள். நடுவே மௌனம் வந்தால் எண்ணுங்கள், பதிவுசெய்யுங்கள், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அவரோடு நீங்களும் போய் அதைச் சொல்லுங்கள். உறங்குபவர் இதற்குச் சாட்சி சொல்ல முடியாது. வீட்டில் விழித்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.